குறட்டை விட்ட காளையும் குளத்தில் இல்லாதவர்களும்

யாராவது உங்கள் மருந்தகத்துக்கு வந்து, "என் மாடு குறட்டை விடுது" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். சிரிப்பு வந்தே தீரும் என்றால், மருந்து எடுக்கப் போவதுபோல் உள்ளறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள். கால்நடை மருந்தகங்களில் உள்ளறை கட்டியதே அதற்காகத்தானோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

நீங்கள் எல்லாரும் இந்த மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், கைப்பேசியில் இன்னும் கெட்டிக்காரர்கள். ஊசியை எங்கே போடுவது, எவ்வளவு போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஊரே ஒரே குரலில் ஒன்றைச் செய்யச் சொல்கிறது, உங்கள் கையிலோ அதை மறுக்கப் போதுமான ஆதாரம் இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் தலை உங்களுடையது. அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எனக்கு அப்படி ஒரு நேரம், ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏரலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கிருந்து இன்னும் எனக்குக் கருப்பட்டி வருகிறது. தாமிரபரணி வாய்க்கால் தண்ணீர் வந்து நிற்கும் குளம் ஒன்று, அதன் கரையில் ஒரு அம்மன் கோயில், அதற்கப்பால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நிற்கும் சாலை. சாலையோரத்தில் பேச்சியம்மாளின் இட்லிக் கடை.

பேச்சியம்மாளிடம் ஒரு பந்தயக் காளை இருந்தது. நம் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் கல்யாணத்தைக்கூடத் தள்ளிவைப்பார்கள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்தக் காளை கன்றாக இருந்தபோதே தாய்ப்பசு செத்துப்போனது. அதே வருடம் பேச்சியம்மாளின் புருஷனும் போய்விட்டார். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பிள்ளை இல்லாதவள். தொழுவத்துக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுத்தான் படுப்பாள். அது மாடு என்று யாராவது அவளிடம் சொன்னால் கோபப்படுவாள்.

அந்தக் காளைதான் குறட்டை விட ஆரம்பித்தது. முதலில் லேசாகக் கரகரப்பு, பிறகு தெரு முழுக்கக் கேட்கும் ஊதல். துறைமுகத்தில் கப்பல் கிளம்புகிறது என்று லாரிக்காரர்கள் கேலி செய்தார்கள். அவள் ஆசையாக வைத்த கருப்பன் என்ற பெயர் போய், ஊர் அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்துவிட்டது. மூக்கில் சளி ஒழுகியது. கொஞ்ச தூரம் ஓடினாலே மூச்சுக்குத் திணறியது. பந்தய மாட்டுக்கு மூச்சு போனால் எல்லாம் போயிற்று. அவள் தம்பி சுடலைமுத்து, அடிமாட்டு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பலாம் என்று பேச ஆரம்பித்தான். இன்னும் கொஞ்சம் இளைத்தால் அதுவும் விலை போகாது என்பது அவன் கணக்கு. அப்போதுதான் அவள் என்னிடம் வந்தாள்.

மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்திருந்தது. மூக்கின் ரத்தக்குழாயில் குடியிருக்கும் ஒரு புழுவின் வேலை அது. அந்தப் புழுவின் முட்டை சளியோடு குளத்துத் தண்ணீரில் விழும். அதிலிருந்து வரும் குஞ்சு, சட்டைப் பித்தான் அளவில் தட்டையாகச் சுருண்டிருக்கும் ஒரு சின்ன நத்தைக்குள் போய் வளரும். பிறகு அங்கிருந்து கிளம்பி, தண்ணீரில் நிற்கும் அடுத்த மாட்டின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பந்தயக் காளைக்கு மூச்சுப் பிடிக்க நீச்சல்தான் சிறந்த பயிற்சி என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். பேச்சியம்மாளும் தம்பியும் நாள் தவறாமல், நல்ல வெயில் ஏறும் நேரமாகப் பார்த்து, அந்தக் குளத்தில்தான் காளையை நீந்தவிட்டார்கள். நத்தைக்குள்ளிருந்து புழுக்கள் வெளியே கிளம்பும் நேரமும் அதுதான். மூச்சு வளரட்டும் என்று செய்த காரியம் மூச்சையே அடைத்துவிட்டது.

அந்த ஊர் எருமைகளிடமும் இந்தப் புழு இருந்திருக்கும். எருமை எதையும் வெளியில் காட்டிக்கொள்ளாது. எங்கள் பழைய அலுவலகத்தில் அப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.

ஊசி போட்டேன். தொடர்ந்து போட வேண்டும், குளத்தில் இறக்கவே கூடாது, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நடக்கும் பந்தயத்தை இந்த வருடம் மறந்துவிடுங்கள் என்றேன். சுடலைமுத்து குனிந்து தன் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"அப்பம் இது பொழைக்குமா, பொழைக்காதா? அதச் சொல்லிருங்க டாக்டரம்மா."

"கொடை முடியட்டும், பாப்போம்" என்றேன்.

"கொடை வரைக்கும் பொறுக்கேன். அதுக்குப் பொறவும் ஊதிக்கிட்டு நின்னுச்சுன்னா ஏவாரி வருவான்."

பேச்சியம்மாள் காளையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்து கேட்கும் என்று நம்பினேன். அந்தக் குளம் மறுபடி காளைக்குள் புழுவை ஏற்றிவிடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. கோயிலுக்குப் போனாலும் வயலுக்குப் போனாலும் வழியில் அந்தக் குளம்தான்.

குளத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு கை பாசியை அள்ளினால் அந்தத் தட்டை நத்தைகள் அப்பிக்கொண்டு வந்தன. என் வேலைக்காலத்தில் ஒரே குளத்தில் அத்தனையை நான் கண்டதில்லை. அந்தக் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் குத்தகை தங்கப்பழம் அண்ணாச்சியிடம் இருந்தது. ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவரிடமும் ஒரு பந்தயக் காளை உண்டு, அது குறட்டை விடவில்லை. அதனாலேயே அவர் ஏதோ செய்வினை வைத்துவிட்டார் என்று ஊரில் பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் மாட்டுக்குத் தோட்டத்துப் போர்வெல் தண்ணீர் காட்டினார், செய்வினை அவ்வளவுதான்.

அண்ணாச்சி என்னைக் கரை முழுக்க நடத்திக் காட்டினார். குளத்தில் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. முன்னால் இருந்து இப்போது இல்லாதவை எவை என்று கேட்டேன். அந்த மனுஷருக்கு ஒரே உற்சாகம். தன் நிர்வாகத்தைப் புகழ வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்.

கட்லாவும் ரோகுவும் விடுவதற்கு முன்னால் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து, விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை எல்லாவற்றையும் ஒழித்தாராம். அவை மீன்குஞ்சைத் தின்னுமாம். வருடாவருடம் அறுப்பு முடிந்ததும் வரும் வாத்துக்காரர்களைக் கரையிலேயே ஏறவிடவில்லையாம். பறவை இறங்காமல் இருக்க மேலே வலை கட்டி, வெடியும் போட்டாராம். அது போதாதென்று, குளத்தில் கிடந்த பெரிய உருண்டை நத்தைகளையும் அள்ளிச் சாக்கில் கட்டி விற்றிருக்கிறார். யாரிடம்? லாரி டிரைவர்களிடம். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிறவர்களுக்கு வரும் நோய் உங்களுக்குத் தெரியும், அதற்கு நத்தைக்கறி நல்லது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. பேச்சியம்மாள் கடையில் இட்லி, அண்ணாச்சியிடம் நத்தை என்று சாலையே களைகட்டியிருக்கிறது.

"இப்பம் கொளத்துல எம்மீனத் தவிர ஒண்ணு கிடையாது டாக்டரம்மா. சுத்தமா வச்சிருக்கேன்" என்றார்.

உண்மையில் சுத்தமாகத்தான் வைத்திருந்தார். சின்ன நத்தையைத் தின்னும் மீன் இல்லை, வாத்து இல்லை, பறவை இல்லை. அதே பாசியைத் தின்று அதோடு போட்டி போடும் பெரிய நத்தையும் இல்லை. புழுக்குஞ்சு தண்ணீரில் குருட்டுத்தனமாகத் தேடும்போது, வழி தவறிப் பெரிய நத்தைக்குள் நுழைந்தால் அதோடு அதன் கதை முடிந்துவிடும். இப்போது வழி தவறவே வழியில்லை. எந்தப் பக்கம் போனாலும் அதற்கு வேண்டிய நத்தைதான். குளம் முழுவதையும் அதற்கு வாடகை இல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தார் அண்ணாச்சி. எல்லாக் குளத்திலும் இப்படியேதான் நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இந்தக் குளத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதற்குள் ஊரில் வேறொரு வேலை நடந்துவிட்டது. நத்தையால்தான் நோய் என்று நான் சொன்னது காதுக்குக் காது பரவி, மயில்துத்தம் என்ற நீல உப்பைக் கரைத்து ஊற்றினால் நத்தை செத்துவிடும் என்று யாரோ சொல்ல, மூட்டை மூட்டையாக வாங்கி வந்துவிட்டார்கள். மறுவாரம் நான் ஊசி போடப் போனபோது ஊரே கரையில் நின்றது. முன்னால் சுடலைமுத்து. கொடைக்குள் குளத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் வேகம். வேண்டாம் என்று கத்திய ஒரே ஆள் தங்கப்பழம் அண்ணாச்சி. அவர் கத்தக் கத்த, ஊற்றித்தான் ஆக வேண்டும் என்று மற்றவர்கள் உறுதியானார்கள்.

இங்கே எனக்கு மேலே வேலை பார்த்த ஒரு அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் இளமையில் வேறொரு மாவட்டத்துக் குளத்தில் இதே மயில்துத்தத்தை ஊற்றி நத்தையை ஒழித்தவர். ஊர்கூடிப் பொன்னாடை போர்த்தினார்கள். நத்தையோடு மீனும் தவளையும் பூச்சியும் போய், குளம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மழையில் முதலில் திரும்பி வந்தது நத்தைதான். சேற்றுக்குள் ஒன்றிரண்டு பிழைத்திருந்தால் போதும், அது முட்டையிட்டுப் பெருகும் வேகம் அப்படி. மீன் திரும்பி வரப் பல பருவம் ஆனது. போனமுறையைவிட அதிக மாடுகள் குறட்டை விட்டன. "அந்தப் பக்கம் போனா பொன்னாடையத் திரும்பக் கேட்டுருவாங்களோன்னு பயந்து பஸ்ஸ மாத்திப் போவேன்" என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தன் தோல்வியைச் சிரித்துக்கொண்டே சொல்லும் அதிகாரி கிடைத்தால் விடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடியுங்கள்.

ஆனால் கரையில் நின்ற கூட்டத்துக்கு அந்தப் பொன்னாடைக் கதை எடுபடாது. அங்கே போய்ப் பெரிய நத்தை, சின்ன நத்தை, போட்டி என்று பாடம் நடத்தியிருந்தால் அண்ணாச்சியிடம் நான் மீன் வாங்கிவிட்டேன் என்றிருப்பார்கள். நான் தடுத்து, அதற்குப் பிறகு இன்னொரு மாடு ஊத ஆரம்பித்தால் ஊர் என்னைத்தான் கேட்கும். பேச்சியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான சொன்னிய டாக்டரம்மா, நத்ததான் காரணம்னு?" என்றான் சுடலைமுத்து.

"ஆமா, நான்தான் சொன்னேன். தாராளமா ஊத்துங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கொடைக்கு முதல் முங்கு யாரு?"

கூட்டம் அவனைப் பார்த்தது. அந்தக் கோயிலின் சாமியாடி சுடலைமுத்துதான். கொடையன்று விடியும்முன் அந்தக் குளத்தில் முங்கி எழுந்து, குடத்தில் தண்ணீர் எடுத்து அம்மனுக்கு ஊற்றுவது அவன் உரிமை. அவன் அப்பாவும் தாத்தாவும் செய்தது.

"நாந்தான்" என்றான்.

"இத ஊத்துனா மீனெல்லாம் செத்து மிதக்கும். கொடை வரைக்கும் நாறும். அந்தத் தண்ணியில முங்கி எந்திரிச்சு, அதையே மோந்து அம்மன் தலையில ஊத்துவியளா?"

நத்தையைப் பற்றி ஒரு சொல் நான் சொல்லவில்லை. சுடலைமுத்து மூட்டையைப் பார்த்தான், கோயிலைப் பார்த்தான், பிறகு குனிந்து கெண்டைக்காலைச் சொறிந்தான். அவன் காலில் இருந்த தடிப்பும் தண்ணீர்ப் புழுக்களின் வேலைதான் என்று எனக்குத் தோன்றியது. மனிதத் தோலுக்குள் நுழைந்து, இது மாடு இல்லை என்று தெரிந்து ஏமாந்து செத்திருக்கும். அதை அப்போது சொன்னால் சாமியாடிக்கு மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவர் என்னை ஆதரித்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், மூட்டையைப் பிரித்திருப்பார்கள்.

"கொடை முடியட்டும். பொறவு ஊத்துவோம்" என்றான் சுடலைமுத்து.

எனக்கு அது போதும். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், தள்ளிப்போடப் பாருங்கள். தள்ளிப்போட்ட நாட்களில் வேலை செய்யுங்கள்.

கூட்டம் மூட்டைகளைப் பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் போட்டுவிட்டுக் கலைந்ததும் அண்ணாச்சி நன்றி சொல்ல வந்தார். நன்றியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு வேண்டும் என்றேன். வலையை அவிழ்க்க வேண்டும், வெடி போடக்கூடாது, வாத்துக்காரர்களை இறங்கவிட வேண்டும், இனி இலுப்பைப் புண்ணாக்குக் கரைக்கக்கூடாது. முக்கியமாக, அவர் போர் தண்ணீரைக் குழாய் போட்டுச் சாலையோரத் தொட்டிக்கு விட வேண்டும். ஊர் மாடுகள் அங்கே குடிக்கட்டும், குளத்தில் மூக்கு வைக்க வேண்டாம்.

"வாத்துக்குத் தீனி போடவா நான் குத்தக எடுத்தேன்?" என்றார் பாவமாக.

"மூட்டை பஞ்சாயத்து ஆபீஸ்லதான் இருக்கு அண்ணாச்சி" என்றேன். மறுநாளே குழாய் வந்துவிட்டது.

நத்தை வியாபாரத்தை நிறுத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் கடையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள். கப்பல் தொழுவத்திலிருந்து ஒரு நீண்ட ஊதல் ஊதியது. என்ன நோய் என்று கேட்டார்கள். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது, அந்தச் சளியையெல்லாம் அது இத்தனை நாளும் இந்தக் குளத்தில்தான் சிந்தியது, நத்தைகளும் அதே தண்ணீரில்தான் வளர்கின்றன என்று விளக்கினேன். நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. ஒருவர் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். பேச்சியம்மாள் என்னை முறைத்தாள், ஆனால் அதன் பிறகு அந்தச் சாலையில் நத்தை வாங்க ஒரு லாரியும் நிற்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூட்டைகள் மழையில் நனைந்து கட்டி தட்டி, பஞ்சாயத்து அலுவலகக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்பட்டன. வாத்துகள் வந்தன. வாய்க்கால் தண்ணீரோடு விராலும் கெளுத்தியும் தாமாகவே வந்து சேர்ந்தன. பெரிய நத்தைகள் மறுபடி கரையோரம் உருண்டன. சின்ன நத்தை அடியோடு ஒழியவில்லை. ஒழியவும் வேண்டாம், ஒரு கைப்பாசியில் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குக் குறைந்தது. அண்ணாச்சி இப்போது விராலைக் கட்லாவைவிட நல்ல விலைக்கு விற்றுவிட்டு, எல்லாம் தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். ஊர் தன் யோசனை என்று நினைக்கும் காரியம்தான் நாம் மாற்றலாகிப் போன பிறகும் நடக்கும்.

பேச்சியம்மாள் நீச்சலை மட்டும் விடவில்லை. அடுத்த வருடம் குட்டியானை என்கிற சின்ன லாரியில் காளையை ஏற்றி மணப்பாட்டுக் கடற்கரைக்கே கொண்டுபோய்விட்டாள். கடலில் அந்த நத்தை கிடையாது என்று நான் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதன் விளைவு. அலையைப் பார்த்து மிரண்ட காளையை அங்கிருந்த மீனவர்கள் வள்ளத்தில் ஏறிக் கயிறு பிடித்து நீந்தவைத்தார்களாம். கப்பல் என்று பெயர் சொன்னதும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் கொடை வந்தது. அதற்குள் ஊசி எல்லாம் போட்டு முடித்திருந்தேன். ஊதல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. சுடலைமுத்து விடியுமுன் முங்கினான், குடம் எடுத்தான், இரவும் பகலுமாக ஆடினான். கொடை முடிந்த மறுநாள் வியாபாரி வருவதாக ஏற்பாடு.

அன்று காலை மருந்தகம் திறக்கும்முன்னே பேச்சியம்மாள் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சத்தம் வரல டாக்டரம்மா. விடியுத வரைக்கும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன், ஒரு சத்தமும் வரல. திரும்பிப் பாக்க பயமா இருந்துச்சு. அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன்."

ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடித்திருந்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. தொழுவத்துக்குள் நான்தான் முதலில் போனேன். காளை நின்றுகொண்டு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல். என்னைப் பார்த்ததும் ஊசி ஞாபகம் வந்து பின்னால் நகர்ந்தது. பேச்சியம்மாள் அதன் மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். உள்ளறை அங்கே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் வியாபாரி கயிறும் கையுமாக நிற்கிறார். முற்றத்தில் பாயைக்கூட விரிக்காமல், நெற்றியில் மஞ்சள் கலையாமல், ஆடிக் களைத்த சாமியாடி மல்லாந்து கிடக்கிறான். தெருமுனைவரை கேட்கும் குறட்டை.

"குறட்ட விடுத உருப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லி அனுப்புனாங்களே?" என்றார் வியாபாரி.

பேச்சியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தம்பியைக் கைகாட்டினாள்.

"அந்தா கிடக்கு. ஓட்டிக்கிட்டுப் போங்க."